சராசரியில் இடம் இருக்கிறது, பேருந்தில் இல்லை: போக்குவரத்து அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

நகரப் பேருந்துகளின் கால அட்டவணையை முடிவு செய்யும் அதிகாரிகளுக்கு,

காலையில் பத்து நிமிடத்துக்கு ஒன்றாக ஓடிக்கொண்டிருந்த எங்கள் தடத்துப் பேருந்து இனி பதினைந்து நிமிடத்துக்கு ஒன்றாகத்தான் ஓடும் என்று நிறுத்தத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறீர்கள். இந்தத் தடத்தில் இருக்கைகள் சராசரியாகப் பாதிகூட நிரம்புவதில்லை என்பது நீங்கள் சொல்லும் காரணம். அந்தத் தாளை நின்று முழுதாகப் படிக்க எங்களில் பலருக்கு வாய்க்கவில்லை. படிக்கும்போதே பேருந்து வந்துவிடுகிறது. ஓடினால்தான் படிக்கட்டிலாவது கால் வைக்க முடியும்.

நான் கணக்கு எழுதிச் சம்பளம் வாங்குபவள். சராசரி என்ற எண்ணோடு தினமும் மல்லுக்கட்டுவதுதான் என் வேலை. அதனால் உங்கள் எண் பொய் என்று சொல்ல மாட்டேன். அது உண்மையாகவே இருக்கலாம். அதைக் கொண்டு நீங்கள் எடுத்திருக்கும் முடிவுதான் தவறு.

ஒரு பேருந்தில் 90 பேர் வருகிறார்கள், அடுத்ததில் 10 பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கூட்டி வகுத்தால் பேருந்துக்கு 50. உங்கள் மேசைக்கு வந்து சேர்வது இந்த 50தான். இப்போது இறங்கிப் போகிற பயணிகளை நிறுத்தி, "நீங்கள் வந்த வண்டியில் எத்தனை பேர்?" என்று ஒவ்வொருவராகக் கேளுங்கள். நூறு பேரில் 90 பேர் "தொண்ணூறு" என்பார்கள். மீதி 10 பேர்தான் "பத்து" என்பார்கள். அவர்கள் சொன்னதைக் கூட்டி வகுத்தால் 82 வருகிறது. வண்டிகளைக் கேட்டால் 50, மனிதர்களைக் கேட்டால் 82. இரண்டுமே சரியான கணக்குதான். ஆனால் நீங்கள் ஏற்றிச் செல்வது மனிதர்களை.

இது இரண்டு வண்டிகளுக்கே. நாள் முழுவதையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் இன்னும் மோசம். மதியம் மூன்று மணி வண்டியில் காலியாகக் கிடக்கும் இருக்கையில் காலை எட்டரை மணிப் பயணி உட்கார முடியாது. காலையில் நகருக்குள் பிதுங்கி வரும் வண்டி, திரும்பிப் போகும் நடையில் காற்றை ஏற்றிக்கொண்டுதான் போகும். அது வீண் ஓட்டம் இல்லை. அடுத்த நடைக்கு ஆள் ஏற்ற அது அந்த முனைக்குத் திரும்பிப் போய்த்தானே ஆக வேண்டும்? அந்தக் காலி நடையையும் எங்கள் கணக்கிலேயே எழுதி, "பாதிகூட நிரம்பவில்லை" என்று எங்களிடமே காட்டுகிறீர்கள்.

பொதுப் போக்குவரத்தின் முதல் பாடமே காலி இருக்கையைப் பற்றியதுதான். 1662ஆம் ஆண்டு பாரிஸ் நகரில், எட்டுப் பேர் உட்காரக்கூடிய குதிரை வண்டிகள் குறித்த தடத்தில் குறித்த இடைவெளியில் ஓடத் தொடங்கின. அந்த ஏற்பாட்டைத் தொடங்கியவர்களில் ஒருவர் கணித மேதை பிளெய்ஸ் பாஸ்கல். ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நேரம் வந்தால் வண்டி கிளம்பிவிடும் என்பதே அதன் அடிப்படை விதி. அந்த விதி இல்லையென்றால் அது வாடகை வண்டி, பொது வண்டி இல்லை. (படைவீரர்களும் பணியாட்களும் அதில் ஏறக் கூடாது என்று தடை போட்டார்கள். சில ஆண்டுகளில் அது நின்றுபோனதற்கு இந்தத் தடையையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். யாருக்கு வண்டி தேவையோ அவர்களை இறக்கிவிட்டு வண்டி ஓட்டும் வழக்கமும் அவ்வளவு பழையது.)

இன்னொரு கணக்கும் உங்களிடம் இல்லை. ஏறியவர்களுக்குச் சீட்டு உண்டு. ஏற முடியாதவர்களுக்கு என்ன உண்டு? எங்கள் நிறுத்தம் தடத்தின் நடுப்பகுதியில் இருக்கிறது. வண்டி வரும்போதே வாசலில் ஆள் தொங்குகிறது. ஓட்டுநர் சில நாள் நிறுத்தத்தைத் தாண்டிப் போய் நிறுத்துவார், சில நாள் நிறுத்தவே மாட்டார். அவரைக் குறை சொல்லவில்லை. ஏற்கெனவே தொங்குகிறவர்களின் உயிர் அவர் கையில் இருக்கிறது. ஆனால் அப்போது சாலையோரம் நின்றுவிட்ட நாங்கள் எந்த இயந்திரத்திலும் பதிவாவதில்லை. அடுத்த வண்டியும் அப்படியே போனால் எங்களில் ஒருவர் ஆட்டோ பிடிப்பார், ஒருவர் தெரிந்தவரின் இருசக்கர வாகனத்தில் தொற்றிக்கொள்வார். கொஞ்ச நாளில் கடன் வாங்கியாவது சொந்தமாக ஒரு வண்டி வாங்கிவிடுவார். உங்கள் ஏட்டில் அது "பயணிகள் எண்ணிக்கை குறைந்தது" என்று ஏறும். எண்ணிக்கை குறைந்ததால் நடைகளைக் குறைப்பீர்கள். நடைகளைக் குறைத்ததால் இன்னும் சிலர் விலகுவார்கள். சாலையில் வாகனங்கள் கூடும், பேருந்து இன்னும் மெதுவாக ஊரும். இந்தச் சுழலில் மாட்டிய தடங்களை நீங்கள் எங்களைவிட நன்றாக அறிவீர்கள்.

பயணி பெருகினால் நடையைப் பெருக்கலாம், நடை பெருகினால் காத்திருப்பு குறையும், அதனால் இன்னும் பயணி வருவார் என்று ஹெர்பர்ட் மோரிங் என்ற பொருளாதார அறிஞர் 1972இலேயே காட்டிவிட்டார். போக்குவரத்துப் பொருளியலில் அதற்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். நீங்கள் அதே சக்கரத்தைப் பின்னோக்கிச் சுழற்றுகிறீர்கள்.

இனி உள்ளே ஏறியவர்களின் கதை. இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் உங்கள் கோப்பில் இது எங்கும் இருக்காது என்பதால் எழுதுகிறேன்.

நான் உயரமானவள் இல்லை. மேல் கம்பியைப் பிடித்தால் குதிகால் தரையில் படாது. பக்கத்து இருக்கையின் முதுகைப் பிடிக்கலாம் என்றால் அங்கே ஏற்கெனவே நான்கு கைகள் இருக்கும். எதையும் பிடிக்காமல், சுற்றி நிற்பவர்களின் நெருக்கத்தாலேயே விழாமல் நிற்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன். ஓட்டுநர் பிரேக் போட்டால் மொத்தப் பேரும் ஒரே உடம்பாகச் சாய்வோம். பையை முன்னால் போட்டு இரண்டு கையாலும் அணைத்துக்கொள்வது திருட்டுக்குப் பயந்து மட்டும் இல்லை. அந்தப் பைதான் எனக்கும் எதிரில் நிற்பவருக்கும் நடுவில் இருக்கும் ஒரே சுவர்.

சுவர் ஏன் வேண்டும் என்று உங்கள் வீட்டுப் பெண்களைக் கேளுங்கள். நெரிசலில் தெரியாமல் படும் கை எது, தெரிந்தே படும் கை எது என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் நிரூபிக்க முடியாது. திரும்பி முறைத்தால், "கூட்டம், நான் என்ன செய்ய?" என்று ஒரு பதில் தயாராக இருக்கும். அந்தப் பதிலை அவனுக்குக் கொடுத்தது யார் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். வண்டிக்குள் உதவி எண்ணை ஒட்டியிருக்கிறீர்கள், நல்ல காரியம்தான். கைபேசியை எடுக்கக் கையை உயர்த்தவே இடமில்லாத வண்டியில் அந்த எண்ணை யார் அழைப்பது? பெண்களின் பாதுகாப்புக்கு ஒரு திட்டம், நடைகளைக் குறைக்க வேறொரு திட்டம் என்று இரண்டையும் தனித்தனி அறைகளில் பேசுகிறீர்கள் போலிருக்கிறது.

என்னோடு வேலை பார்க்கும் ஒரு பெண் கர்ப்பமாக இருந்த மாதங்களில், உட்கார இடம் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே விடியும் முன் கிளம்பி வருவாள். அலுவலகம் திறக்க இன்னும் நேரம் இருக்கும். வாசல் படியில் உட்கார்ந்திருப்பாள். அவளைச் சுமந்து வந்த வண்டி கூட்டமில்லாத வண்டி. உங்கள் சராசரியைக் கீழே இழுத்ததில் அவளுக்கும் பங்கு உண்டு. ஊன்றுகோலோடு வரும் ஒரு பெரியவர் எங்கள் நிறுத்தத்தில் மூன்று நான்கு வண்டிகளை விட்டுவிட்டுப் பிறகு ஏறுவார். இப்போதெல்லாம் அவரைக் காண முடியவில்லை. நலமாகத்தான் இருப்பார் என்று நினைத்துக்கொள்கிறோம்.

இறங்குவதும் ஒரு தனி வேலை. மூன்று நிறுத்தங்களுக்கு முன்பே வாசலை நோக்கி ஊரத் தொடங்க வேண்டும். வாசலில் நிற்பவர் கீழே இறங்கி வழிவிட்டுவிட்டு மறுபடி ஏறுவதற்குள் வண்டி நகர்ந்துவிடுமோ என்று பயந்து இறங்க மாட்டார். அவர் பயமும் நியாயமானதே. இப்படி ஒவ்வொரு நிறுத்தத்திலும் வண்டி நிற்கும் நேரம் கூடிக்கொண்டே போகிறது. இதைக் கவனித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நீங்கள் மிச்சம் பிடிக்க நினைக்கும் பணம் ஒழுகும் இடம் இதுதான்.

ஒரு வண்டி இரண்டு நிமிடம் தாமதமாகிறது. அதற்குள் அடுத்த நிறுத்தத்தில் கூடுதலாக ஆள் சேர்ந்துவிடுகிறது. அவர்கள் ஏறக் கூடுதல் நேரம் பிடிக்கிறது, தாமதம் மூன்று நிமிடமாகிறது. அதன் பின்னால் வரும் வண்டிக்கு ஏற்ற ஆளே மிச்சமில்லை. நிற்க வேலையில்லாமல் விரைந்து வந்து முன்வண்டியின் முதுகை ஒட்டிக்கொள்கிறது. நெடுநேரம் எதுவும் வராமல், பிறகு இரண்டு மூன்று சேர்ந்தாற்போல் வருவதற்குக் காரணம் ஓட்டுநர்களின் சோம்பேறித்தனம் இல்லை. இடைவெளி தானாகவே குலையும் என்பதை நியூவெல், பாட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1964இலேயே கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். யாரும் இடையில் புகுந்து சரிசெய்யாவிட்டால் அது குலைந்துகொண்டேதான் போகும்.

அப்படிச் சேர்ந்து வந்தால் எங்களுக்கு என்ன ஆகிறது? பத்து நிமிட இடைவெளி ஒழுங்காக இருந்தால், நேரம் பார்க்காமல் நிறுத்தத்துக்கு வருபவர் சராசரியாக 5 நிமிடம் காத்திருப்பார். இரண்டு வண்டிகளும் ஜோடியாக 20 நிமிடத்துக்கு ஒருமுறை வந்தால் அதுவே 10 நிமிடம் ஆகிவிடும். ஓடிய வண்டிகளின் எண்ணிக்கை அதேதான், டீசல் செலவு அதேதான், உங்கள் அறிக்கையில் "எல்லா நடைகளும் இயக்கப்பட்டன" என்ற வரியும் அதேதான். காத்திருப்பு மட்டும் இரட்டிப்பு.

இந்த நிலையில் இருக்கும் தடத்தில்தான் மணிக்கு 6 நடைகளை 4 ஆக்குகிறீர்கள். அதே ஆட்கள் நான்கு வண்டிகளில் ஏற வேண்டும் என்றால் ஒவ்வொரு வண்டியிலும் ஒன்றரை மடங்கு. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறி இறங்கும் நேரமும் அதற்கேற்பக் கூடும். நடை முடிய இன்னும் நேரமாகும். வண்டி திரும்பி வரத் தாமதமாகும். நான்கு என்று எழுதியிருப்பது ஓடும்போது மூன்றரையாக இருக்கும். மிச்சம் பிடிக்க நினைத்ததில் ஒரு பகுதி நிறுத்தங்களிலேயே கரைந்துவிடும். மீதிக்கு விலை கொடுப்பது எங்கள் முழங்கால்களும், தாமதமாக வந்ததற்கு வெட்டப்படும் எங்கள் அரைநாள் சம்பளமும்.

கூட்டத்தை அளக்கவே முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். ஜப்பானில் ரயில் நெரிசலை உடம்பு உணரும் விதத்திலேயே வரையறுத்து வைத்திருக்கிறார்கள். எல்லோரும் உட்காரவோ கைப்பிடியைப் பிடித்து நிற்கவோ முடிந்தால் 100 சதவீதம். 150 என்றால் செய்தித்தாளை விரித்துப் படிக்கலாம். 180 என்றால் மடித்துக்கொண்டால் எப்படியோ படிக்கலாம். 200 என்றால் உடம்பு உடம்போடு அழுந்தும். 250 என்றால் கையைக்கூட அசைக்க முடியாது. டோக்கியோ பெருநகரின் முக்கியத் தடங்களில் காலை உச்ச நேரச் சராசரி 1975இல் 221 சதவீதமாக இருந்தது, 2019இல் 163. பாதைகளைக் கூட்டினார்கள், ரயில்களை நீட்டினார்கள், பல பத்தாண்டுகள் விடாமல் செய்தார்கள். அளந்தது உச்ச நேரத்தை, நாள் முழுவதையும் அல்ல என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

பணம் எங்கே என்று கேட்பீர்கள். காலையில் இரண்டு மணி நேரத்துக்காக ஒரு வண்டியும் ஓட்டுநரும் கூடுதலாக வைத்துக்கொள்வது செலவுதான், மறுக்கவில்லை. ஆனால் செலவு பெரிதாக இல்லாத வழிகளும் உண்டு. எங்கள் தடத்தில் நெரிசல் முழு நீளத்துக்கும் இல்லை. நடுவிலிருந்து நகர முனை வரைதான். அந்தப் பகுதியில் மட்டும் போய்த் திரும்பும் குறுநடைகளை விட்டால் அதே வண்டி இரண்டு முறை ஆள் ஏற்றும். சான் பிரான்சிஸ்கோ நகரம் 2012இல் எல்லாப் பேருந்துகளிலும் எல்லாக் கதவுகளிலும் ஏறலாம் என்று விதியை மாற்றியது. கதவு ஏற்கெனவே வண்டியில் இருக்கிறது, திறந்தால் போதும். பிரேசிலின் குரிச்சிபா 1974இலேயே பேருந்துக்கென்று தனிப்பாதை ஒதுக்கியது. பின்னால் கொலம்பியாவின் போகோட்டா 2000இல் அதே வழியில் போனது. 80 பேரைச் சுமக்கும் பேருந்துக்கு, ஒருவர் போகும் காரைவிட 80 மடங்கு சாலையில் உரிமை உண்டு என்பது அந்நகர மேயராக இருந்த என்ரிக்கே பெஞ்ஞலோசாவின் வாதம். எங்கள் சாலையில் அந்த 80 பேரும் ஒரு காரின் பின்னால் ஒலிப்பானைக் கேட்டபடி நிற்கிறோம்.

தனிப்பாதை உங்கள் கையில் மட்டும் இல்லை என்று தெரியும். சாலை ஒரு துறை, சிக்னல் ஒரு துறை, பேருந்து ஒரு துறை. ஆனால் கேட்க வேண்டியவர்கள் நீங்கள்தான். நீங்களே கேட்காவிட்டால் எங்களுக்காக யார் போய்க் கேட்பார்கள்?

கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தினோம், எதிர்ப்பு வரவில்லை என்று அந்தத் தாளில் ஒரு வரி இருக்கிறது. கூட்டம் நடந்தது வேலை நாளில், காலை பதினோரு மணிக்கு. அந்த நேரத்தில் யாருக்கு வர முடியும்? பேருந்தில் போகத் தேவையில்லாதவர்களுக்கு.

ஆகவே எங்கள் கோரிக்கைகள் இவை.

காலை ஏழரை முதல் பத்து வரையிலும் மாலை ஐந்து முதல் எட்டு வரையிலும் நடைகளைக் குறைக்கும் முடிவை நடைமுறைக்குக் கொண்டுவராமல் நிறுத்தி வையுங்கள். மற்ற நேரங்களில் குறைப்பதானாலும், கடைசி வண்டியில் கை வைக்காதீர்கள். இரவுப் பணி முடிந்து வருபவர்களுக்கு அது ஒன்றுதான்.

நெரிசலை மணி வாரியாகவும் திசை வாரியாகவும் நிறுத்த வாரியாகவும் எடுத்து, மாதம் ஒருமுறை வெளியிடுங்கள். ஏற முடியாமல் நின்றவர்களையும் எண்ணுங்கள். ஒரு வாரம், நடுவழி நிறுத்தங்கள் சிலவற்றில் ஒரு பணியாளர் தாளும் பேனாவுமாக நின்றால் போதும், பெரிய கருவி எதுவும் வேண்டாம்.

தடத்தின் நடுவில் இரண்டு இடங்களிலாவது நேரக் காப்பாளரை நிறுத்தி, முன்வண்டியை ஒட்டி வரும் வண்டியைச் சில நிமிடம் பிடித்து வைத்து அனுப்புங்கள். அப்படிப் பிடித்து வைத்த நிமிடங்களுக்கு ஓட்டுநரிடம் விளக்கம் கேட்கும் வழக்கத்தை விடுங்கள். அவர் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவும் கழிவறைக்குப் போய்வரவும் அந்த நிமிடங்கள் உதவும்.

நெரிசலான பகுதிக்குக் குறுநடைகளை மூன்று மாதம் சோதித்துப் பாருங்கள். எல்லாக் கதவுகளிலும் ஏற அனுமதியுங்கள். எங்கள் தடத்தின் மிக மெதுவான பகுதியில் காலை நேரத்துக்கு மட்டுமாவது பேருந்துத் தனிப்பாதை வேண்டும் என்று சாலைத் துறைக்கு எழுதுங்கள். எழுதிய கடிதத்தின் நகலைப் பொதுவில் வையுங்கள்.

கருத்துக் கேட்புக் கூட்டத்தை மறுபடி நடத்துங்கள். மாலை ஏழரை மணிக்கு மேல், அல்லது விடுமுறை நாளில். தேதியை ஒரு வாரத்துக்கு முன்பே வண்டிகளுக்குள்ளும் அறிவியுங்கள். நாங்கள் வருகிறோம், எங்கள் கணக்கையும் எழுதிக் கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
காலை எட்டரை மணி வண்டியின் பயணி ஒருத்தி